உறியடியில் கழன்ற விக்

பள்ளிக்கூடத்தில் பழங்கால வேஷம் என்று என் எட்டு வயது மகள் வெள்ளைக் கம்பளி விக்கை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். அந்தக் காலத்தில் ராஜாக்களும் நீதிபதிகளும் ஊரறிய விக் வைத்துக்கொண்டார்களாம். விக் பெரிதென்றால் ஆளும் பெரிய ஆளாம். இதையெல்லாம் ஆங்கிலத்தில் ஒப்பித்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. முப்பது வயதிலேயே சொட்டையாகி, டேப் போட்டு ஒட்டிய விக்கோடு பத்து வருஷமாகத் திரிகிறவன் நான். மனைவிக்குத் தெரியும், கல்லூரியில் ஒரே அறையில் இருந்த நண்பனுக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரிந்தால் நாண்டுகொண்டு சாகலாம் என்றுதான் இருந்தேன்.

அந்த வருஷம், அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் ஃபிரிஸ்கோ ஊர்ப் பூங்காவில் பொங்கல் விழா. உறியடிக்கு என்னை இழுத்துவிட்டார்கள். அந்த நண்பன்தான் துண்டால் என் கண்ணைக் கட்டினான்.

"பின்னாடி இறுக்காதடா" என்று அவன் காதருகில் சொன்னேன்.

"நான் பாத்துக்கறேன், நீ போ."

மூன்று சுற்று சுற்றிவிட்டு மூங்கில் கம்பைக் கையில் கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் கத்தினார்கள். பானையை உடைத்தே தீருவேன் என்று வெறி பிடித்தவன்போல வீசிக்கொண்டு நடந்தேன்.

திடீரென்று யாரோ துண்டைப் பிடித்து இழுத்தார்கள். தலைத்தோல் சுரீரென்று எரிந்தது. கண்ணைத் திறந்தால் எதிரே நண்பன். அவன் கையில் துண்டு, துண்டோடு என் விக்.

"பானை தப்பிச்சிருச்சு, மண்டைதான் போச்சு" என்றான் ஒருத்தன். மொத்தக் கூட்டமும் சிரித்தது. என் மானம் கப்பலேறிவிட்டது.

"வேணும்னே பண்ணினியாடா நாயே" என்று நண்பன் கையில் கம்பை இறக்கினேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்தவன் முதுகில் இன்னொன்று போட்டேன். மூன்றாவதற்கு ஓங்கியபோது என் மகள் ஓடிவந்து அவன்மேல் கவிழ்ந்துகொண்டாள். நாலு பேர் சேர்ந்து கம்பைப் பிடுங்கினார்கள். யாரோ போலீஸைக் கூப்பிடப் போக, வேண்டாம் என்று தடுத்தவனும் அடிபட்ட அவன்தான்.

காரில் மனைவி என்னைப் பார்க்காமலே சொன்னாள். "பானை அந்தப் பக்கம் இருந்துச்சு. நீங்க குழந்தைங்க உக்காந்திருந்த பாய்கிட்ட வீசிட்டுப் போனீங்க. நாங்க கத்தினது உங்க காதுல விழல. நம்ம பொண்ணு தலைக்கு ரெண்டடி இருக்கும்போதுதான் அவர் துண்டை உருவினார்."

வீட்டுக்கு வந்ததும் மகள் முன் மண்டியிட்டு என் வெறுந்தலையைக் காட்டினேன். "இதைத்தாம்மா மறைச்சேன். அந்தக் கோவத்துலதான் அப்பா அப்படிப் பண்ணிட்டேன்."

"ஐ ஆல்வேஸ் நியூ, அப்பா. எனக்கு எப்பவுமே தெரியும்" என்றாள். கிட்டே வரவில்லை.

நண்பன் இன்றுவரை என் போனை எடுக்கவில்லை. அது நானே தேடிக்கொண்டது. சமையலறை மேல்தட்டில் ஒரு டம்ளரை எடுக்கக் கையைத் தூக்கினால் மகள் சட்டென்று தலையைக் குனிந்துகொள்கிறாள்.