பிறந்த வீட்டுப் பொங்கல்

உள்ளறையிலிருந்து கதவை முட்டும் சத்தம் மறுபடியும் கேட்டது. தெருவில் தாம்பாளத்தைத் தட்டிக்கொண்டு போகிற கூட்டத்தின் இரைச்சலையும் மீறி அது கேட்டதால், வாழையிலையும் கையுமாக வாசலில் நின்றிருந்த பக்கத்து வீட்டு முத்துவடிவு தலையை நீட்டி எட்டிப் பார்த்தாள்.

"மாட்டுப் பொங்கலும் அதுவுமா அதைப் போட்டு அடைச்சு வச்சிருக்கியே மதினி. அது என்ன களவாண்டுட்டா?"

பேச்சித்தாய் சிரிக்கவில்லை. இலையில் இருந்த சர்க்கரைப் பொங்கலை வாங்கவும் இல்லை. மாட்டுக்கு வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். முத்துவடிவு முகம் சுண்டிப்போய்த் திரும்பினாள். காலையிலிருந்து அப்படித் திரும்பியவர்கள் பலர். பண்டிகை நாளில் மாட்டுக்கென்று வந்த சோற்றைத் திருப்பி அனுப்புகிற ஒருத்தியை இலஞ்சி ஊர் அதற்கு முன் கண்டதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷத்துத் தை மாதம் அது.

பண்பொழியிலிருந்து அவள் இலஞ்சிக்கு வாழ வந்தபோது, தகப்பனார் ஒரு செவலைப் பசுவையும் கூடவே ஓட்டிவிட்டிருந்தார். கணவன் செல்லப்பா வயலைத் தவிர வேறொன்றும் அறியாதவன். அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. மலைக்காய்ச்சலில் அவனும் போய்ச் சேர்ந்தபிறகு, அவள் அண்ணன் நல்லக்கண்ணு வண்டி கட்டிக்கொண்டு வந்து, புறப்படு என்றான். அவர் மூச்சு நின்ற வீட்டை விட்டு வரமாட்டேன் என்றாள் பேச்சித்தாய். அப்படியானால் எனக்குத் தங்கை கிடையாது என்று ஊரார் முன்னிலையில் சொல்லிவிட்டு அவன் வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு போனான்.

அதன்பின் அவன் வரவில்லை. தை பிறந்தால் எந்தப் பெண்ணுக்கும் பிறந்த வீட்டிலிருந்து பொங்கல்படி வரும். கரும்பு, மஞ்சள்குலை, பச்சரிசி, பனங்கிழங்கு. இவள் வாசலில் எதுவும் வந்து இறங்காது. அந்த நாட்களில் அவள் தண்ணீர் எடுக்கக்கூட வெளியே போகமாட்டாள்.

மிச்சமிருந்த பசுவும் முந்தின மாட்டுப் பொங்கலன்று போயிற்று. கன்று ஈன்று ஒரு மாதம்கூட ஆகாத பசு. கொம்புக்கு வர்ணம் பூசி, மாலை போட்டுத் தெருவில் விட்டார்கள். வீட்டுக்கு வீடு அதன் வாயில் பொங்கலை உருட்டிக் கொடுத்தார்கள். அன்பாகத்தான் கொடுத்தார்கள். பொழுது சாய்வதற்குள் இடப்பக்க வயிறு மத்தளமாக உப்பிவிட்டது. அசைபோடுவது நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்த பசு விடியும்போது எழுந்திருக்கவில்லை. கன்று மட்டும் தாயின் குளிர்ந்த மடியை முட்டி முட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

கண்ணேறு என்றது ஊர். அந்த வயிற்றைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்த பேச்சித்தாய்க்குத் தெரியும், புல் தின்கிற வயிற்றைச் சோறு அடைத்துவிட்டது என்று. இரவல் பாலை மூங்கில் குழாயில் ஊற்றிப் புகட்டி அந்தக் கன்றை வளர்த்தாள். அவள் பாயின் கால்மாட்டில்தான் அது படுக்கும். அவள் எழுந்தால் எழும். அவள் அழுதால் சொரசொரப்பான நாக்கால் புறங்கையை நக்கும். இப்போது அறைக்குள் கிடந்து முட்டுவது அந்தக் கிடாரிக் கன்றுதான்.

மத்தியானம் வாசலில் நிழல் விழுந்தது. இன்னொரு இலையா என்று நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தோளில் கரும்புக் கட்டும், கையில் பித்தளைத் தூக்குவாளியுமாக அண்ணன் நின்றுகொண்டிருந்தான். தலை பாதி நரைத்திருந்தது.

"நல்லாருக்கியா பேச்சி?"

அவள் அவன் காலடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவனும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். உன் மதினி விடியுமுன்னே எழுந்து பொங்கியது என்று தூக்கைத் திறந்தான். நெய் மணத்தது. அவளுக்கு ஒரு கை கொடுத்துவிட்டு, அப்பா தந்த பசுவின் கன்று ஒன்று வளர்கிறதாமே, அது எங்கே, என் கையால் ஊட்டவேண்டும் என்று எழுந்தான்.

வேண்டாம் அண்ணே என்றாள் பேச்சித்தாய். பசு செத்த விதத்தைச் சொன்னாள். அவன் லேசாகச் சிரித்தான்.

"ஊர் மாடெல்லாம் தின்னுட்டுத்தான் நிக்குது. ஒரு வாய்தானட்டி."

"போன வருசமும் எல்லாரும் ஒரு வாய்தான் குடுத்தாவ, அண்ணே."

மூலையில் இருந்த பச்சைப் புல்லை அள்ளி அவனிடம் நீட்டினாள். உங்கள் கையால் இதைக் கொடுங்கள் என்று கெஞ்சினாள். அவன் முகம் கறுத்தது.

"பொறந்த வீட்டுப் பொங்கலைக் கொண்டு வந்தவனுக்கு நீ புல்லுக்கட்டைக் காட்டுதியா?"

அவன் அறையின் தாழ்ப்பாளை நோக்கி நடந்தான். அவள் ஓடிப்போய்க் கதவில் முதுகைச் சாய்த்து மறித்து நின்றாள். இத்தனை வருஷம் எதற்காக ஏங்கினாளோ அது எதிரே நின்றது. முதுகுக்குப் பின்னால் அவளுக்கென்று உலகத்தில் மிஞ்சிய ஒரே உயிர் இருந்தது. அவள் சட்டென்று தூக்கைப் பிடுங்கினாள்.

"அப்பா விட்டுட்டுப் போனதுல மிச்சம் நானும் இதுவுந்தான். இதுக்கு வச்சதை நான் திங்கேன். நீங்க பாத்துக்கிட்டு இருங்க."

கை நிறைய அள்ளி அள்ளி வாயில் திணித்தாள். கண்ணீரும் நெய்யும் மோவாயில் வழிந்தன. விழுங்க முடியாமல் விக்கினாள். விக்கலோடு மறுபடியும் அள்ளினாள். நல்லக்கண்ணு பார்த்துக்கொண்டே நின்றான். அவன் கை ஒருமுறை அவளைத் தடுக்க உயர்ந்தது, பாதியிலேயே இறங்கிவிட்டது.

"உன் மாடு நல்லாருக்கட்டும், பேச்சி. இனி இங்கன எனக்குச் சோலி இல்லை."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். தூக்கைத் திரும்பக் கேட்கவில்லை. அண்ணே என்று கூப்பிட அவள் வாய் திறந்தது. உள்ளே இருந்த சோறு குரலை அடைத்துக்கொண்டது. வாசல் வரைக்கும் ஓடினாள்.

அதே நேரம் மாடுகளை ஓட்டிக்கொண்டு தெருக் கூட்டம் முக்கு திரும்பியது. பொங்கலோ பொங்கல் என்று கூவிக்கொண்டு, பானையும் இலையுமாக, வீட்டுக்கு வீடு நின்று நின்று வந்தது. இன்னும் சற்று நேரத்தில் அவள் வாசலுக்கு வந்துவிடும். திறந்து கிடக்கிற வீட்டுக்குள் யாரும் நுழையலாம்.

அண்ணனின் வெள்ளைத் துண்டு கூட்டத்துக்குள் மறைகிறவரை பார்த்துக்கொண்டு நிற்க அவளுக்கு நேரமில்லை. பேச்சித்தாய் வாசல் கதவைச் சாத்தித் தாழிட்டாள்.