பந்தை நம்பாதவன்

கனடாவின் ஸ்காபரோவில் மீன்கடை வைத்திருக்கிறவனுக்குப் புட்போலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். நான் படித்தது ஆறாம் வகுப்பு. ஆனால் முப்பது வருடமாக ஒரு மீனைக்கூடச் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கியதில்லை. விற்கிறவன் சிரித்தால் இரண்டு தரம் பார்ப்பேன். அந்தக் கண்ணோடுதான் பல்கலைக்கழக அணியில் என் மகன் விளையாடிய விளையாட்டையும் பார்த்தேன். கடையில் சனிக்கிழமைதான் வியாபாரம். அதையும் விட்டுவிட்டு, ஒரு ஆட்டம் தவறாமல் போனேன்.

இந்தப் புட்போல் காலால் மட்டும் ஆடுவதில்லை, முட்டைவடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது. அதில் அவன் பன்ட் ரிட்டர்னர். எதிரணிக்காரன் பந்தைக் காலால் வானத்துக்கு உதைப்பான். அதற்குப் பெயர் பன்ட். அதைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடவேண்டியவன் ரிட்டர்னர். பந்து இறங்குவதற்குள் ஒரு கூட்டம் தடியன்கள் அவனை நோக்கி ஓடிவருவார்கள். அமெரிக்காவில் என்றால் கையை உயர்த்தி, என்னைத் தொடாதே என்று சொல்லிவிடலாம். கனடாவில் அந்தச் சலுகை கிடையாது. பந்து அவன் கையில் படும்வரை ஐந்து யார்ட் தள்ளி நிற்பார்கள், அவ்வளவுதான். பட்டுக் கீழே நழுவினால் எவன் எடுக்கிறானோ அவனுக்கே பந்து.

முதல் வருடம் இதைப் பார்த்ததும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

"இத்தனை பெடியள் இருக்க, என்ர பிள்ளையை மட்டும் ஏன் பின்னால தனிய விட்டிருக்கினம்? அடி வாங்கவோ?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"உங்களுக்கு எதிலதான் சந்தேகமில்லை? கலியாண வீட்டுச் சாப்பாட்டையே மணந்து பாத்திட்டுச் சாப்பிடுற ஆள்."

நான் விடவில்லை. நேரே கோச்சிடம் போய்க் கேட்டேன். மீன் சந்தையில் பழகிய ஆங்கிலம் எனக்கு எங்கேயும் போதும். அந்த மனிதர் சொன்னது இதுதான்: "உன் மகன் பந்தை நம்புவதில்லை. அதனால்தான் அவனை அங்கே வைத்திருக்கிறேன்."

பதில் எனக்குப் பிடித்தது. ஆனால் சொல்லும்போது சிரித்தார். அதைக் குறித்துக்கொண்டேன்.

பிறகு தொலைநோக்கி வாங்கிவந்து கவனிக்கத் தொடங்கினேன். வேகம் இரண்டாவது விஷயம். அணியில் இவனைவிட வேகமான ஒரு பையன் இருந்தான். இவனுடைய இடத்துக்கு அடுத்து வரக் காத்திருந்தவன் அவன்தான். வேகமானவன் பந்து கைக்கு வந்துவிடும் என்று நம்பி, பிடிக்கும் முன்பே ஓட நினைத்துவிடுவான். என் மகன் உதைக்கிறவனின் காலைப் பார்ப்பான். இடதுகாலன் உதைத்த பந்து மற்றப் பக்கமாகச் சுழலும். காற்று எந்தப் பக்கம் என்று கொடிக்கம்பத்தைப் பார்ப்பான். ஓடிவருகிறவர்களை ஒரேயொரு தரம், கண்ணை வெட்டிப் பார்ப்பான். அதன்பின் பந்து முழங்கைகளுக்கு நடுவே அடங்கும்வரை வேறெதையும் பார்க்கமாட்டான். அந்தச் சந்தேகம் யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

கடைசி வருடம் வந்தது. தகுதிச்சுற்றுக்கு முந்தைய ஆட்டம். இவனா, வேகமானவனா என்பதை அன்று பார்த்து முடிவுசெய்வேன் என்று கோச் சொல்லிவிட்டார். வீட்டில் மூன்று நாளாக யாரும் சத்தமாகப் பேசவில்லை.

அன்று காலை, மகன் குளித்துக்கொண்டிருந்தபோது, அவனுடைய பையைத் திறந்தேன். ஊர் மாதா கோயில் திருநாளில் பங்குச் சுவாமி ஆசீர்வதித்துக் கொடுத்த எண்ணெய்ப் போத்தல் ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. ஆட்டநாள்களில் அவன் காலில் போடும் சப்பாத்தில் அந்த எண்ணெயால் ஒரு சிலுவை போட்டுவிடுவேன், அவனுக்குத் தெரியாது. அன்று பெரிய நாள் என்பதால் தலைக்கவசம், கையுறை எல்லாவற்றிலும் போட்டேன். தாராளமாகவே போட்டேன்.

முதல் பன்ட். மகன் சரியான இடத்தில்தான் நின்றான். பந்து கைக்குள் வந்து, மீன்குஞ்சு போல வழுக்கிக்கொண்டு போனது. எதிரணி எடுத்தது. இரண்டாவதும் அப்படியே. அவன் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கோச் அவனை வெளியே இருத்திவிட்டு வேகமானவனை அனுப்பினார்.

முன்பே தொலைநோக்கியில் நான் ஒன்றைக் கண்டிருந்தேன். ஆட்டம் தொடங்கும் முன், வாங்குப் பலகையருகே கிடந்த என் மகனின் கையுறையை அந்த வேகமானவன் எடுத்துப் பார்த்தான். எனக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் கம்பிவேலி வாசலால் உள்ளே போனேன். கையுறையை வாங்கி விரலால் தடவினேன். வழவழவென்றிருந்தது.

"எண்ணெய்! உவன்தான் பூசினவன். நான் கண்ணால கண்டனான்," என்று கத்தினேன். கோச்சுக்கு ஆங்கிலத்திலும் சொன்னேன்.

வேகமான பையனின் முகம் செத்துவிட்டது. "கீழே கிடந்தது, எடுத்து வைத்தேன்," என்றான். கோச் அவனையும் கையுறையையும் மாறிமாறிப் பார்த்தார். மற்றப் பிள்ளைகள் அவனிடமிருந்து ஒரு அடி விலகினார்கள்.

"அப்பா, ஸ்டொப். பிளீஸ்," என்றான் மகன். கையுறையை வாங்கி மூக்கருகே கொண்டுபோனான். பிறகு என் வலது கையைப் பிடித்து மணந்தான்.

"அப்பா, இது எங்கட வீட்டு எண்ணெய்."

அழுகிய மீனைப் பத்தடி தூரத்தில் மணந்து பிடிக்கிற மூக்கு இது. ஆனால் காலையிலிருந்து என் விரலிலேயே அந்த மணம் இருந்தபடியால் பிடிபடவில்லை.

நான் பேசாமல் இருந்திருந்தால் மகனும் வெளியே சொல்லியிருக்கமாட்டான். அது எனக்குத் தெரியும். தமிழில் சொன்னதால் அங்கே வேறெவருக்கும் விளங்கவுமில்லை. ஆனால் அந்தப் பையனிடமிருந்து எல்லாரும் விலகி நின்ற அந்த ஒரு அடி என்னை வருத்தியது. கோச்சிடம் திரும்பி, "நான்தான் போட்டேன். கடவுளுக்காக," என்றேன். பையனிடம் கையை நீட்டினேன். அவன் என் கையைப் பிடித்துவிட்டு, தன் கையைக் காற்சட்டையில் துடைத்தான்.

"மிஸ்டர், உங்கள் கடவுள் எந்த அணி?" என்று கேட்டான். முதலில் சிரித்தவர் கோச்தான்.

அந்தச் சிரிப்பை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை. ஆனால் புதுக் கையுறையோடு மகனைப் பயிற்சியில் மூன்று நாள் சோதித்துப் பார்த்து, தகுதிச்சுற்றில் அவனையே பின்னால் நிறுத்தினார். முதல் பந்து உயரத்தில், காற்றோடு வந்தது. பிடித்துவிட்டான்.

அந்த ஆட்டத்தன்று காலை வழக்கம்போல அவனுடைய பையருகே போனேன். பையின் ஸிப்பில் ஒரு சின்னப் பூட்டு தொங்கியது.

"இந்தப் பூட்டின்ர திறப்பு எங்க?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"என்னட்டையும் தரேல்லை," என்றாள்.

நல்ல ரிட்டர்னர் அப்படித்தான் இருக்கவேண்டும். பூட்டை இழுத்துப் பார்த்தேன். உறுதியாகத்தான் இருந்தது.