இரண்டாம் பாகத்தைச் சோதித்த கணவர்

செங்கல்பட்டு டூரிங் கொட்டகையில் நாங்கள் பார்த்த சண்டைப் படம், கதாநாயகி மலை உச்சியில் ஒரு காட்டுக்கொடியைப் பிடித்துத் தொங்குவதோடு முடிந்தது. மீதி இரண்டாம் பாகத்தில் என்று எழுத்துப் போட்டு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் எட்டு மாதம் தொங்கினாள். அதற்குள் எனக்கு ஏழாம் மாதம் வந்து வளைகாப்பே முடிந்துவிட்டது. அவளுக்குக் கையும் வலிக்கவில்லை, கொடியும் அறுந்துவிடவில்லை.

ஒருவழியாக இரண்டாம் பாகம் வந்தது. எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. எந்தப் படமானாலும் என் கணவர் முதலில் தனியாகப் போய், பெண்கள் பார்க்கத் தகுந்ததுதானா என்று சோதித்துவிட்டு வருவார். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா அல்லவா, எதையும் முழுக்கப் பார்க்காமல் சிபாரிசு செய்யமாட்டார்.

திங்கட்கிழமை போய் வந்தார். "குப்ப. சும்மா கத்திய சுத்திகினே கீறானுங்க. புள்ளத்தாச்சி பாத்தா வவுத்துக் கொழந்த பயந்துக்கும்."

"அந்தப் பொண்ணு இன்னா ஆனா?"

"அத்தெல்லாம் உனுக்கு இன்னாத்துக்கு?"

குப்பைதானா என்று உறுதி செய்யச் செவ்வாய்க்கிழமை போனார். புதன்கிழமையும் போனார். முனிசிபாலிட்டி வண்டிக்காரர்கூடக் குப்பையைத் தேடி இவ்வளவு சிரத்தையாகப் போனதில்லை.

வியாழன்தான் எனக்குக் கடைசி நாள். வெள்ளிக்கிழமை காலையில் நான் பிரசவத்துக்குக் கோவளத்தில் அம்மா வீட்டுக்குப் போயாக வேண்டும். அப்புறம் கைக்குழந்தைக்காரியைக் கொட்டகைக்கு யார் அனுப்புவார்கள்? விட்டால் அவள் என் ஆயுசுக்கும் தொங்கிக்கொண்டே இருப்பாள். அதை நினைத்து நிஜமாகவே அழுதேன். அன்று சாயங்காலமும் ஆபீசில் வேலை இருப்பதாக அவர் சொல்லியனுப்பினார். உடனே பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவைக் கூட்டிக்கொண்டு முதல் ஆட்டத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

பெண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்தோம். ஆண்கள் பக்கத்துக்கும் எங்களுக்கும் நடுவே இடுப்பு உயரத்துக்கு ஒரு தட்டி. படம் அவர் சொன்னபடி குப்பைதான். முதல் பாகத்தில் செத்தவனே வந்து சண்டை போட்டான். ஆனாலும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

கொட்டகையில் ஒரே மெஷின். ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்ததை மாட்டுவார்கள். கடைசி ரீலுக்கு முன்னால், கொடி ஒற்றை நாரில் நிற்கும்போது, விளக்கு எரிந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்று பட்டாணி மென்றுகொண்டு என் கணவர், நாலாவது தடவையாக.

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பார்வை என் வயிற்றுக்குப் போனது. அக்கறை பொங்கிவிட்டது. தட்டியில் சாய்ந்து, கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

"இந்தாம்மே, பயந்துக்காத! அவ சாவமாட்டா! குதிர வந்து வால நீட்டும், புடிச்சிகினு ஏறிடுவா!"

விளக்கு அணைந்தது. குதிரை வந்தது. வாலை நீட்டியது. பெண்கள் பக்கத்தில் ஒருத்தியும் கை தட்டவில்லை.

மறுநாள் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தவர், "நான்தான் அப்பவே சொன்னனே, குப்பன்னு" என்றார். குப்பைதான். ஆனால் எட்டு மாதம் நான் காத்திருந்த குப்பை. அந்த மனிதர் பின்னால் செய்த எத்தனையோ காரியங்களை மன்னித்திருக்கிறேன். அந்தக் குதிரை வாலை மட்டும் இன்றுவரை மன்னிக்கவில்லை.