என் விரலை அளந்த அத்தா

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். கோவளம் கடைவீதியில் அவர் துணிக்கடை வைத்திருந்தார். சர்க்கரை நோயால் காலில் வந்த புண் ஆறாமல், அவருக்கு இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அதன்பிறகு ஒரே பயம்தான் அவருக்கு: அக்கா, நான், எங்கள் இருவரில் யாருக்கு அது வரும்?

இரண்டாயிரத்து ஆறு என்று நினைவு. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்த சர்க்கரை நோய் முகாமுக்கு அத்தா எங்களை அழைத்துப் போனார். அங்கே ஒரு மருத்துவ மாணவி எங்கள் கைகளை விரிக்கச் சொல்லி, சுட்டுவிரலையும் மோதிர விரலையும் அளந்தாள். அந்த நீளங்களின் விகிதத்துக்கும் பின்னால் சர்க்கரை வருவதற்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கிறார்களாம்.

"ஆராய்ச்சிக்குத்தான் பாய். இத வச்சு யாருக்கு வரும்னு சொல்ல முடியாது" என்றாள்.

அத்தா அதைக் காதில் வாங்கவே இல்லை. வீட்டில் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கு மோதிர விரல் நீளம். எனக்கும் அப்படியே. அக்காவுக்கு இரண்டும் ஏறக்குறைய சமம். அன்றே என்னை நோயாளியாக்கிவிட்டார்.

என் டீயில் சர்க்கரை நின்றது. பெருநாளன்று என் கையிலிருந்த பாயசக் கிண்ணத்தை வாங்கி அக்காவிடம் கொடுத்தார். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம், "சின்னவளுக்கு ஒடம்பு செரியில்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"எனக்கு இன்னா சீக்கு கீது அத்தா? என் ரத்தத்த பாத்தீங்களா? வெரலத்தான பாத்தீங்க?"

"ஒன் நல்லதுக்குத்தாம்மா."

மறுநாள் அவர் எதிரிலேயே டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் குடித்தேன். என்னோடு பேசுவதை நிறுத்தினார். நானும் இறங்கி வரவில்லை.

அந்த மாதங்களில் அக்கா குடம் குடமாய்த் தண்ணீர் குடித்தாள். ராத்திரி நாலு முறை எழுந்தாள். அவளுடைய ஜாக்கெட்டுகள் தொளதொளத்தன. வெயில் என்றாள் அம்மா. பரிசோதிக்கலாம் என்று நான் சொன்னதற்கு, "அவளுக்கு இன்னாத்துக்கு? நல்ல கை அது" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார் அத்தா.

யாரிடமும் கேட்காமல் அக்காவைக் கேளம்பாக்கத்துக்குப் பஸ்ஸில் கூட்டிப்போய், வெறும் வயிற்றில் இருவரும் ரத்தம் கொடுத்தோம். எனக்கு ஒன்றுமில்லை. அக்காவின் ரத்தத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "இன்னிக்கே டாக்டர பாருங்க" என்றார் பரிசோதனைக்கூடப் பெண்.

நேராகக் கடைக்குப் போனோம். வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். இரண்டு தாள்களையும் அத்தாவின் முன்னால் வைத்தேன். படித்தார். மறுபடி படித்தார்.

"வெரலு..." என்று ஆரம்பித்தார்.

"வெரல வுடுங்க அத்தா. ஷட்டர எறக்குங்க, ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

வாடிக்கையாளர்களை அனுப்பிவிட்டு இறக்கினார். ஆட்டோவில் அக்கா உடைந்து அழுதாள். "நல்ல கை நல்ல கைன்னே என்ன ஒர்த்தரும் பாக்கல." அத்தா அவள் கையைப் பிடிக்கப் போனார். அவள் இழுத்துக்கொண்டாள்.

இன்று அக்கா மருந்தோடு நன்றாக இருக்கிறாள். நான் ஆண்டுதோறும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கிறேன். நாளை எனக்கும் வரலாம், அத்தாவின் மகள்தானே. வந்தால் அதை ரத்தம் சொல்லட்டும். என் கையை இனி யாரும் அளக்க விடமாட்டேன்.