ஜப்பான்காரருக்கு முன்னால் போன குதிரை

பயிற்சித் தளத்தின் கம்பி வேலியோரம் லாயத்து ஆட்கள் நாங்கள் ஆறு பேர் நின்றிருந்தோம். எங்களில் மூத்தவர், எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடுகிறவர் இருந்தார், எதிரே குதிரைமேல் ஜப்பான்காரர் இருந்தார். மேனேஜர் இல்லை. குதிரைகளைப் பயிற்சிக்கு ஓட்டும் ரைடர்களும் இல்லை, அவர்கள் வந்த வண்டி வழியில் நின்றுவிட்டதாகப் போன் வந்திருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகான ஆண்டுகள். துபாயில் ஒரு குதிரை லாயத்தில் தீவனக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான் என்பதால், பந்தயப் புத்தகத்தை மற்றவர்களுக்கு வாசித்துச் சொல்வதும் என் வேலையாகிவிட்டது. பந்தயத்துக்கு வந்திருந்த ஜப்பான்காரரைப் பற்றி அதில் இரண்டு பக்கம் போட்டிருந்தார்கள். பதினேழு வயதில் ஜாக்கியாகக் குதிரை ஏறியவர், முப்பத்து மூன்று ஆண்டுகளாக இறங்கவில்லை. தோள் எலும்பு இரண்டு முறை, இடுப்பு ஒரு முறை முறிந்திருக்கிறது. பந்தயம் பார்க்காதவர்களுக்கும் அவர் நாட்டில் அவர் முகம் தெரியுமாம். வயதை வாசித்ததும் அண்ணன் நிமிர்ந்தார்.

"எத்தனைன்னு சொன்ன?"

"அம்பது, அண்ணே."

"அந்த எடத்துல வெரல வையி, பாக்குறேன்." எழுத்துத் தெரியாது, எண் தெரியும் அவருக்கு.

அண்ணனுக்கும் பாஸ்போர்ட்டில் ஐம்பதுதான். பிறந்த தேதி வீட்டில் யாருக்கும் தெரியாததால், ஏஜென்ட் வாய்க்கு வந்ததை எழுதிவிட்டான். முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து சாணி அள்ள வந்து, இங்கேயே குதிரையேறக் கற்று, பதினெட்டு ஆண்டுகள் காலைப் பயிற்சி ஓட்டியவர். அவரிடம்தான் முந்தின வாரம் மேனேஜர், அம்பது ஆயிற்று, ஹலாஸ், முடிந்தது, இனிமேல் ஏறாதே, விசா முடிந்ததும் ஊருக்குப் போய்விடு என்று சொல்லியிருந்தார்.

வேலியோரம் நின்ற அன்று ஜப்பான்காரரின் குதிரை ஓடுதளத்துக்குள் வர மறுத்தது. புது ஊர், புது மணல். முன்னால் இன்னொரு குதிரை போனால்தான் அது நகரும். அவர் சாட்டையைத் தொடவில்லை. ஒரு குதிரை முன்னால் போகட்டும் என்பதுபோல் எங்களைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார்.

"அண்ணே, வேணாம். மேனேஜர் வேலைக்கு வேட்டு வச்சிருவான்" என்றான் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டுகிறவன்.

"வச்சா வைக்கட்டும். அம்பதுக்கு முன்னால அம்பது போகுது. கேட்டத் தொறடா!"

அண்ணன் எங்கள் லாயத்துக் குதிரை ஒன்றில் ஏறினார். நான்தான் திறந்தேன். முதல் பாதிச் சுற்றில் அண்ணன் முன்னால். பிறகு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டு முதுகும் ஒரே சாய்வில் இருந்தன. திரும்பி வந்ததும் ஜப்பான்காரர் இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றி, நரைத்த தலையோடு அண்ணனைப் பார்த்து இடுப்பு வளையக் குனிந்தார். அண்ணன் மேலே இருந்தபடியே கும்பிட்டார்.

"எறங்கிக் கும்பிட வேண்டாமா, அண்ணே?" என்றேன்.

"எறங்குனா மறுபடி ஏற விடமாட்டானுக, தம்பி."

மத்தியானத்துக்குள் மேனேஜருக்குத் தெரிந்துவிட்டது. நாளைக்கே டிக்கெட் என்று குதித்தார். லாயத்து முதலாளியான அரபிக்கே நான் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். ஜப்பான்காரரின் குதிரைக்கு முன்னால் போனவரை வயதானவர் என்று அனுப்புவது சரியில்லை, பாஸ்போர்ட்டைப் பார்க்க வேண்டாம், ஓட்டிப் பாருங்கள் என்று. அவ்வளவு தைரியமாக நான் வேறெதையும் எழுதியதில்லை. அண்ணனும் சேர்த்து ஆறு பேரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தோம். கடிதத்தில் தன் பெயரை அடித்துவிடுகிறவன் தப்பிக்கலாம், மற்றவனுக்கு மூன்று நாள் சம்பளம் கட் என்றார் மேனேஜர். ஒருவரும் அடிக்கவில்லை.

அரபி வந்தார். அண்ணனை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். விசாவை இரண்டு ஆண்டுகளுக்கு நீட்டச் சொல்லிவிட்டுப் போனார். மேனேஜர் பிடித்த சம்பளம் பிடித்ததுதான். ஆளுக்குத் தொண்ணூறு, மொத்தம் ஐந்நூற்று நாற்பது திர்ஹம்.