சட்டைப் பைக்குப் பின்னால் ஒரு கட்டி

இடது மார்புக் காம்புக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி வந்தது. வலியில்லை. தேயிலைக்கு மருந்தடிக்கும் பம்பை முதுகில் சுமப்பவன் நான். அதன் வார் அழுத்துவதும் அதே இடத்தில்தான். வாரைத் தளர்த்தினேன், தைலம் தேய்த்தேன். ஆண்களுக்கு மார்பு இருப்பதே சட்டைப் பை தைப்பதற்காகத்தான் என்று நம்பியிருந்தேன். நான் தைலம் தேய்த்த மாதங்களில் கட்டி அதுபாட்டுக்கு வளர்ந்தது. உங்களுக்கு இருந்தால் தைலத்தை வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

காம்பு உள்ளே இழுத்துக்கொண்டு, சட்டையில் கறை பட்ட பிறகுதான் பக்கத்து நகரமான தானா ராத்தாவில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பயாப்சி (கட்டியில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) செய்தவர் தமிழ் டாக்டர்.

“மார்புப் புற்றுநோய், ஐயா.”

“ஆளு மாறிடுச்சு போல டாக்டர். அது பொம்பளைங்களுக்கு வர்றதுலா.”

“ஆம்பளைக்கும் வரும். ரொம்ப அபூர்வம்.”

“நாலு நம்பர் லாட்டரி எடுத்து ஒருநாளும் எனக்கு அடிச்சதில்ல. இது மட்டும் எப்படி?”

அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் பயந்தேன்.

மாஸ்டெக்டமி (மார்பை முழுதாக அகற்றுவது) செய்தார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். வீடு திரும்பியபோது இடது கை தோளுக்கு மேல் எழவில்லை.

கட்டு மாற்றியது எஸ்டேட் கிளினிக் டிரஸர். என் மனைவி செல்லம்மாவுக்கு எல்லாம் தெரியும், பார்க்கத்தான் விடவில்லை. இந்தக் குளிரில் ஒருவன் சட்டையோடு தூங்கினால் யார் கேட்பது?

பம்பு தூக்க முடியாதவனைக் கங்காணி கொழுந்து பறிக்கும் பெண்களோடு விட்டார். செல்லம்மாவுக்குப் பக்கத்து நிரை, அதாவது செடி வரிசை. மருந்தடிக்கும் கூட்டத்தோடு போன அவள் அண்ணன் ராசு நின்று பார்த்தான்.

“என்னா மச்சான், பொம்பள நோவு, பொம்பள வேல. நாளைக்குச் சேலையும் கட்டுவியாலா?”

“ஒன் தங்கச்சி சேல என் தொப்பைக்குப் பத்தாதுலா!”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று சோறு இறங்கவில்லை. இனி நான் ஆம்பளைதானா என்ற கேள்வியைப் பகிடியால் எத்தனை நாள் மூடி வைப்பது?

சில வாரம் கழித்து, பனி மூடிய ஒரு காலையில், அடுத்த நிரையில் பறிக்கும் பச்சையம்மா மெல்ல என்னருகே வந்தாள். புருஷனை இழந்தவள், அதிகம் பேசமாட்டாள்.

“அண்ணே, ஒங்களுக்கு அந்தக் கட்டி எப்புடி இருந்துச்சு? கல்லு மாரியா?”

அவள் கை முந்தானைக்கு மேல் ஓரிடத்தில் நின்றிருந்தது.

“எத்தன நாளா இருக்கு, தங்கச்சி?”

“தீவாளிக்கு முன்ன இருந்து. யாருகிட்டண்ணே சொல்றது? அறுத்துட்டா ஆளு பொழைக்குமா?”

“பொழைக்காமலா ஒன் நிரையில கொழுந்து திருடிக்கிட்டு இருக்கேன்?”

சிரிக்கப் பார்த்தாள், அழுகை வந்துவிட்டது. “அறுத்த எடம் எப்புடி இருக்கும்னு நெனச்சாலே ஒடம்பு நடுங்குது.”

பகிடியை விட்டேன். கூடையை இறக்கினேன். ஒற்றைக் கையால் பொத்தான்களைக் கழற்றினேன். நெஞ்சிலிருந்து அக்குள்வரை குறுக்கே ஒரு கோடு; அதன் கீழே தோல் ஒட்டிய விலா எலும்பு. பச்சையம்மா பார்த்தாள். பக்கத்துச் செடியிலிருந்து செல்லம்மாவும் பார்த்தாள், முதல்முறையாக.

“இவ்ளோதானா?” என்றாள் செல்லம்மா. “இதுக்கா என்னைய இத்தன மாசம் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க வெச்சீங்க?”

பிறகு அவளே வந்து பொத்தான்களைப் போட்டுவிட்டாள். “சளி புடிக்கப் போவுது.”

மறுநாள் மூன்று பேரும் பஸ் ஏறினோம். ஆஸ்பத்திரி பெஞ்சில் பெண்களுக்கு நடுவே நான் ஒருத்தன். நர்ஸ் என்னைத் துணைக்கு வந்தவன் என்று நினைத்தாள். சரியாகத்தான் நினைத்தாள்.

பச்சையம்மாவுக்கும் அறுத்தார்கள். பிழைத்து, இப்போது என்னைவிட வேகமாகப் பறிக்கிறாள்.

முன்பெல்லாம் அடுத்த வருஷம் என்று பேசுவேன். இப்போது, பறித்த நிரையில் மறுபடி கொழுந்து வரும்வரை என்றுதான் யோசிக்கிறேன். அதுவே நிறைய நாள். இடது பக்கம் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது. இரவில் செல்லம்மா அங்கே கை வைத்தால் தொடுவது தெரியாது. கையின் கனம் தெரியும்.