மூன்றாவது பல்பு

கம்பத்துக்கு வெளியே ஒரு மனமகிழ் மன்றத்தில் வாசித்துக்கொண்டிருக்கிறோம். சாயங்காலம் உறுப்பினர்களுக்குச் சீட்டாட்டம் உண்டு என்பதால், எங்கள் ராக் கச்சேரியை மதியமே வைத்துவிட்டார்கள். சென்னையிலிருந்து ராத்திரி முழுக்க வேனில் உட்கார்ந்து வந்த அலுப்பு, கிடாரைப் பிடித்திருக்கும் கையில் இருக்கிறது. இந்தக் கச்சேரியோடு குழுவைக் கலைத்துவிடலாம் என்றுதான் வரும் வழியெல்லாம் பேசினோம்.

லோ வோல்டேஜ். மின்விசிறிகள் மெதுவாகச் சுற்றுகின்றன. ஆம்ப்ளிஃபயர் தொண்டை கட்டியதுபோல் முனகுகிறது. ஆனாலும் திராட்சைத் தோட்டக்காரர்கள் முப்பது நாற்பது பேர் அசையாமல் எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சென்னையில் எங்களை யாரும் இப்படிப் பார்த்ததில்லை.

நான்காவது பாட்டின் நடுவில், டிரம்மருக்குப் பின்னால் சுவரில் உள்ள மூன்று பல்புகளில் அதுவரை எரியாமலிருந்த நீல பல்பு எரிகிறது. மின்விசிறிகள் வேகமெடுக்கின்றன. கிடார் முதன்முறையாக வாய்விட்டு அலறுகிறது. உடனே கூட்டம் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு பைக்குகளில் ஏறிப் போய்விடுகிறது.

முன்வரிசையில் ஒரு பெரியவர் மட்டும் மிச்சம். பாட்டை நிறுத்திவிட்டு அவரிடம் கேட்கிறேன்.

"என்னங்கய்யா, பிடிக்கலையா?"

"அதெல்லாம் இல்ல தம்பி. த்ரீ பேஸ் கரண்டு வந்துருச்சுல்ல, தோட்டத்துல மோட்டார் போடப் போறாக. அந்த பல்பத்தான் இம்புட்டு நேரமும் பாத்துக்கிட்டு இருந்தாக."

"நீங்க போகலையா?"

"நமக்கு நெல்லு. வாய்க்கால் தண்ணி." காலை நீட்டி வசதியாகச் சாய்ந்துகொள்கிறார். "இப்பத்தான கரண்டு நல்லா வருது. மொதல்ல இருந்து வாசிங்க."